எருமை கண்டுபிடித்த பாட்டு

வாய்யா மாப்ளே, உக்காரு. நைட் ஷிப்ட் முடிச்ச கண்ணு இன்னும் பாதிதான் தொறந்திருக்கு. உம் பொண்ணுக்குப் பாட்டு வருதுன்னு நேத்துதான் கண்டுபுடிச்சியாமே? ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் சேதி போயிடுச்சு. கெட்டிக்காரன்யா நீ. எங்க எருமை கண்டுபுடிச்சு ரெண்டு வருஷம் ஆவுது.

உங்க கம்பெனி பஸ்ஸு பின்னால வரும்போது ஒரு ராகம் போடுமே, அதைத் திண்ணையில உக்காந்து சுருதி பிசகாம பாடுவா. ஒருநாள் நெஜ பஸ்ஸுதான்னு நான் கட்டிலைத் தூக்கிக்கிட்டு ஓரம் போயிட்டேன். திரும்பிப் பார்த்தா இவ நிக்கறா, கையில கடிச்ச புளியங்காய். நீ உள்ளே குறட்டை. அதுவும் பாட்டுதான், தாளம் கொஞ்சம் இழுக்கும்.

டிவி போட்டிக்கு அனுப்பணும், மைக் வாங்கணும், அதுக்கு ஓ.டி. பார்க்கணும்ங்கறே. தாராளமா செய். எட்டு வயசுப் புள்ளைக்கு மொதல்ல அழக் கத்துக்குடு. அங்க அதுக்குத்தான் மார்க்கு.

கொடுமுடி சுந்தராம்பாள் சின்னதுல ரயில்ல பாடிக் காசு வாங்கின புள்ள. அதைக் கேட்ட யாரோ ஒருத்தர்தான் நாடகத்துக்கு வழி காட்டினாருன்னு சொல்வாங்க. 1935ல ‘நந்தனார்’ படத்துல ஆம்பளை வேஷம் கட்ட ஒரு லட்ச ரூபா சம்பளம். அந்தக் காலத்து லட்சம் மாப்ளே, உன் பி.எஃப்.ல தூங்குற லட்சம் இல்லே! மதுரை சுப்புலட்சுமி பத்து வயசுல, 1926ல, இசைத்தட்டுக்குப் பாடினாங்க. அவங்கம்மா வீணை வாசிக்கறவங்க. வீட்டுக்குள்ளயே காது இருந்துச்சு. சுந்தராம்பாளுக்கு அது ரயில்ல கெடைச்சுது. அப்போ எவன் காதுலயும் ஒயர் இல்லே. இன்னிக்கு அந்தப் புள்ள உங்க ஷிப்ட் பஸ்ஸுல ஏறிப் பாடினா எவன் கேப்பான்? டிரைவர்தான் கேப்பாரு, ஐடி கார்டு எங்கேன்னு.

கெழவன் பேச்சு, கேக்காதே. ஆனா வர்ற ஞாயித்துக்கெழமை அவளைப் பின்னாடி உக்கார வெச்சு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வண்டியை மெதுவா ஓட்டு. பாடச் சொல்லாதே. தானா பாடினா திரும்பாதே. செல்லை மட்டும் எடுத்தியோ, பாட்டு அங்கேயே நின்னுடும்.

சரி, போய்த் தூங்கு. ஜன்னலைச் சாத்தாதே. நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவா, தொட்டியாண்ட நின்னு காலைக் கழுவிக்கிட்டே ஆரம்பிப்பா. நீயும் கேட்டுக்கோ, எருமை ஒண்ணும் கோவிச்சுக்காது.