எட்டுப் பாட்டும் ஓர் அத்திம்பேரும்

திருவனந்தபுரத்தில் எங்கள் ஸ்ரீவராகத்தில் பாட்டுக்கு மார்க் போடாத ஆளே கிடையாது. நடந்து போகிற தூரத்தில் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். ஒன்பது நாளும் சுவாதித் திருநாள் கீர்த்தனை. முதல் நாள் சங்கராபரணம், கடைசி நாள் ஆரபி என்று ராகம்கூட முன்பே முடிவானது. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். எவ்வளவு நன்றாகப் பாடினாலும் கைதட்டக் கூடாது. அடக்கி வைத்த அந்தக் கைதட்டல்தான் வெளியே வந்ததும் விமர்சனமாக மாறும். வராகர் கோயில் குளத்தருகே வந்து சேர்வதற்குள் பாடினவரின் நிரவலைப் பிரித்து மேய்ந்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட பேட்டையில் உட்கார்ந்துகொண்டு 'அவியல்' குழுவின் 2008 ஆல்பத்தை மறுபடி போட்டு, எட்டுப் பாட்டையும் வரிசைப்படுத்தத் துணிந்தேன். 2003-ல் உருவான மலையாள ராக் குழு அது. கிதாருக்கு ரெக்ஸ் விஜயன், டர்ன்டேபிளுக்கு டோனி ஜான். பெயரைக் கேட்டுச் சமையல் சமாசாரம் என்று நம்பிய அத்திம்பேர் ஊஞ்சலில் வந்து சாய்ந்தார்.

'நட நட' ஆரம்பித்ததும் ஊஞ்சல் நின்றது. "ரிக்கார்டுல கீறல் விழுந்தா நாங்க தூக்கிப் போடுவோம். இவா கீறறதுக்குன்னே ஆள் வெச்சிருக்காளா?" என்றார். ஆனால் அவர் வலது கால் கட்டைவிரல் தாளம் போட்டதை நான் பார்த்தேன். வாய் சொன்னதைவிட விரல் சொன்னதையே நம்பி இரண்டாம் இடம் கொடுத்தேன்.

'நான் யார்' என்று கேட்கிற 'ஞான் ஆரா'வுக்கு மூன்றாம் இடம். "இதே கேள்வியை ரமணர் திருவண்ணாமலையில சத்தமில்லாம கேட்டாராக்கும்" என்பது அத்திம்பேர் கட்சி. சத்தமில்லாமல் கேட்டால் எங்கள் தெருவில் யார் காதில் விழும்?

சிக்கல் 'எட்டாம் பாட்டு' என்றே பெயர் வைத்த பாட்டில் வந்தது. நான் நான்காம் இடம் என்றேன். "அவாளே எட்டுன்னு எழுதிக் குடுத்திருக்கா. மாத்தறதுக்கு நீ யாரு?" ஞான் ஆரா! பதில் சொல்லாமல் அடுத்ததற்குப் போனேன். 'செக்கேலே' ஐந்து. 'கறுகற', 'அரிகுறுக' ஆறும் ஏழும். அவற்றை வாரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றிக்கொள்ளலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். 'ஆராண்டா' கடைசி.

முதலிடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, 'ஆடு பாம்பே'. சொல் ஸ்ரீநாராயண குருவினுடையது, அவருடைய குண்டலினிப் பாட்டு. குரு பிறந்த செம்பழந்தி நம் நகரத்தின் வடகோடிதான். தமிழ் படித்தவர், திருக்குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். பாம்பாட்டிச் சித்தரை அறிந்த தமிழ்க்காது அந்தப் பாம்பை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். அடுப்படியில் இருந்த அத்தை கரண்டியோடு வாசற்படிக்கு வந்து, "இது நம்மடவா பாட்டுன்னா?" என்று நின்றுவிட்டாள். பின்னாலேயே கிதார் இடித்ததையும் பொறுத்துக்கொண்டாள். அத்திம்பேர் ஒரு சொல் பேசவில்லை. மண்டப மரியாதைப்படி அதுதான் உச்சபட்சப் பாராட்டு.

2011-ல் இந்தக் குழுவின் 'ஆனக்கள்ளன்' 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் வந்து ஊரெல்லாம் பரவியது. அது இந்த ஆல்பத்தில் இல்லை, ஆகவே என் பட்டியலிலும் இல்லை, சண்டைக்கு வராதீர்கள். புதிதாகக் கேட்பவர்கள் 'ஆடு பாம்பே'யில் தொடங்குங்கள். 'நட நட'வை மட்டும் வீட்டுப் பெரியவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் போடுங்கள்.