ஒப்பந்தத்தின் ஆயுள் ரேகை

கேள்வி: நாடுகள் கையெழுத்திட்ட தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் ஆயுளை, அரசுக்கு அழுத்தம் கொடுத்து 'லாபி' செய்பவர்கள் தீர்மானிக்க முடியுமா?

பதில்: குறைக்கவும் முடியும், கூட்டவும் முடியும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையே 1994-இல் அமலுக்கு வந்த நாஃப்டா இரண்டுக்கும் சாட்சி.

மெக்சிகோ லாரிகள் 1995 இறுதியிலிருந்து அமெரிக்க எல்லை மாநிலங்களுக்குள் ஓடலாம் என்றது ஒப்பந்தம். அமெரிக்க லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் பாதுகாப்பைக் காரணம் காட்டி எதிர்த்தது; லாரிகள் எல்லையோரப் பகுதியைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. அவற்றை அனுமதிக்க 2007-இல் தொடங்கிய சோதனைத் திட்டத்துக்கும் 2009-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியது. மெக்சிகோ பதிலடியாக வரி போட்டது. எதன் மீது? பேரிக்காய், உறையவைத்த உருளைக்கிழங்கு, கிறிஸ்துமஸ் மரம்! லாரிக்கும் பேரிக்காய்க்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் சந்தையை இழந்த விவசாயி வாஷிங்டன் கதவைத் தட்டுவார் என்பது கணக்கு. 2011-இல் சமரசம் வந்தது.

2017-இல் டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்தே விலகப் பார்த்தபோதும் வேளாண் ஏற்றுமதியாளர்களும் கார் நிறுவனங்களும் ஓடி வந்து தடுத்தனர்.

காரணம் எளிது. இறக்குமதியால் பாதிக்கப்படுவோர் சிலர், இழப்போ பெரிது; அதனால் கூடிக் குரல் கொடுப்பார்கள். விலை குறைவதால் பயன்பெறும் நுகர்வோர் கோடிப்பேர், ஆளுக்குக் கிடைப்பதோ சில்லறை; அதற்காக யாரும் கொடி பிடிப்பதில்லை. எனவே அந்தக் குரலுக்கு ஈடுகொடுக்கும் ஏற்றுமதியாளர் லாபி வலுவாக உள்ள ஒப்பந்தமே தாக்குப்பிடிக்கும்.

நாஃப்டா 2020 ஜூலையில் புதுப்பெயரோடு மறுபிறவி எடுத்தது: 16 ஆண்டு ஆயுள், ஆறாம் ஆண்டில் மறுஆய்வு. ஒப்பந்தத்துக்கு அது மருத்துவப் பரிசோதனை, லாபிக்காரர்களுக்குத் தீபாவளி.