கத்தாழைக்குச் சோடாக் குளியல்

ஏங் கண்ணு, இட்டேரியோரம் நின்ன ஆனைக்கத்தாழை பூராவும் மொட்டையாக் கெடக்குதே, உன்ற வேலைதானா? கடைசி வருசத்துப் ப்ராஜெக்டா? நாங்க அதைக் குட்டையில ஊறப்போட்டு, சதை அழுகுன பொறகு அடிச்சு அலசிக் கவுறு திரிச்சோம். எங்களுக்குக் கையரிப்புதான் மிச்சம். நீ காஸ்டிக் சோடாவுல ஊறப்போட்டா பட்டமே குடுக்கறாங்களாமா. குடுக்கட்டும், சந்தோசம்.

நாருக்குத் தண்ணின்னா உசுரு. நாரோட சேத்துத் தகடாக்க நீ ஊத்தற எப்பாக்சிப் பிசினுக்குத் தண்ணியே ஆகாது. பத்தாததுக்கு நார் மேல மெழுகு, பெக்டின், லிக்னின்னு ஒட்டிக் கெடக்குது. சோடா அதையெல்லாம் உரிச்சுச் சொரசொரப்பாக்கி உடும். பிசின் கவ்விப் புடிச்சுக்கும். அப்பவும் ஒத்து வல்லீன்னா சிலேன்னு ஒரு கல்யாணத் தரகன் இருக்கறான். ஒரு கையி நார் வீட்டுல, மறு கையி பிசின் வீட்டுல. ஆனா தரகு சாஸ்தி. உங்கப்பன் மொகத்தப் பாத்துட்டுக் கேளு.

நூறு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு கிலோ சோடா, சில மணி நேரம், போதும். நம்மாளுக ஒரத்துக்கே ரெண்டு மூட்டை சேத்துப் போடற சாதி. நீ அப்படிப் போட்டீன்னா அழுக்கு தீந்து நாரையே அரிக்கும். பலம் கூட்டப் போயி பஞ்சாப் போயிரும். தண்ணியிலதான் சோடாவப் போடோணும், சோடா மேல தண்ணிய ஊத்தாத, பொங்கித் தெறிக்கும். கண்ணாடி மாட்டிக்க, பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணப் பாப்பாங்க.

இது புதுசுன்னு மட்டும் நெஞ்ச நிமித்தாத. 1844ல இங்கிலாந்துல ஜான் மெர்சர்ங்கறவரு பருத்தித் துணியில காஸ்டிக்க வடிகட்டறப்பவே துணி மாறறதப் பாத்துட்டாரு. 1850ல பேட்டண்டும் வாங்கிட்டாரு. துணி பலமாச்சு, சுருங்கியும் போச்சு, ஆரும் சீந்தல. நாப்பது வருசம் கழிச்சு ஹொரேஸ் லோவ் இழுத்துப் புடிச்சு நனைச்சாரு, பளபளப்பு வந்துது. உங்கப்பன் தறியில ஓடற மெர்சரைஸ்டு நூல் அந்த வழிதான்.

போர்வெல் வண்டி ராடுக்குப் பதிலாக் கத்தாழைன்னு திருச்செங்கோட்டுல வாயத் தொறந்துராத. வண்டிக் கேபின் உள்தகடுன்னா சொல்லு, கேப்பாங்க. அதுக்குப் போடற கண்ணாடி நார் தண்ணியப் போல ரெண்டரை மடங்கு கனம், கத்தாழை நார் ஒன்றரை கூட வராது. கிழக்கு ஜெர்மனிக்காரங்க டிரபான்ட் கார் மேல்தகட்டையே பஞ்சுக் கழிவையும் ஃபீனால் பிசினையும் அமுக்கித்தான் செஞ்சாங்க. ஓடுச்சு. வாங்கறதுக்குத்தான் சனம் பத்து வருசம் வரிசையில நின்னுது.

நாரை அலசுன சோடாத் தண்ணிய எங்க ஊத்தப் போறே? குமாரபாளையம், பள்ளிபாளையம் சாயத்தண்ணி காவேரிக்குச் செஞ்ச ஒபகாரம் பத்தாதா? வினிகர் உட்டு, லிட்மஸ் தாள் வெச்சுப் பாரு. அப்பவும் உப்பு மிஞ்சும், தென்னம்புள்ளைப் பக்கம் கொண்டு போகாத.

அப்பறம் ஒண்ணு. அப்பத்தாளோட அலுமினிய அண்டாவத் தூக்கிட்டுப் போறதா கேள்விப்பட்டேன். சோடா அலுமினியத்தத் திங்கும், ஹைட்ரஜனைக் கக்கும். பிளாஸ்டிக் தொட்டி வாங்கிக்க. அண்டா அவ பொறந்த வீட்டுச் சீரு. ஓட்டையாச்சுன்னா உன்னைக் கேக்க மாட்டா, என்னையத்தான் கேப்பா.