கொடி பறக்கிற பக்கம்

வா மருமோன், உந்தக் கதிரையில இரு. மற்றதுக்கு ஒரு கால் இல்லை.

உப்புவெளி விடுதிக்கு நீ கப்பல் சண்டைப் படம் எடுப்பிக்கிறாய் எண்டு கொம்மா சொன்னவ. அச்சடிச்சது இல்லையாம், பழைய ஓவியத்தைப் பாத்துக் கையால வரைஞ்ச எண்ணெய்ச் சாயப் படமாம். நல்ல விசயம். கடலுக்கு முன்னால வீட்டைக் கட்டி, யன்னலைப் பூட்டி ஏசியைப் போட்டுட்டு, சுவரில கடலைப் பாக்கிறதும் ஒரு சுகம்தான். நுளம்பு கடியாது.

உது 1782 செப்டம்பர் 3ஆம் திகதிச் சண்டையாத்தான் இருக்கும். அந்த வருசம் எங்கட திருகோணமலைக் கோட்டை பட்ட பாடு கொஞ்சமில்லை. ஜனவரியில ஒல்லாந்தனிட்டயிருந்து இங்கிலீசுக்காரன் பிடிச்சான். ஓகஸ்ட் கடைசியில அவனிட்டயிருந்து பிரெஞ்சுக்காரச் சுஃப்ரேன் பறிச்சான். சுஃப்ரேன் உள்ள போய்ப் பாயை விரிச்சுப் படுக்கேல்லை, இங்கிலீசுக்கார எட்வர்ட் ஹியூஸ் 12 கப்பலோட வந்து நிக்கிறான். சுஃப்ரேன் 14 கப்பலோட வெளிக்கிட்டான். பின்னேரம் துவங்கினது பொழுதுபடுமட்டும் வெடி. ஒருத்தன்ர கப்பலையும் மற்றவன் பிடிக்கேல்லை. கடைசியில ஒப்பந்தம் எழுதேக்க கோட்டை திரும்பவும் ஒல்லாந்தனிட்டப் போயிட்டுது. உறுதிக்காரன் கோணேசரை ஒருத்தனும் கேக்கேல்லை.

ஹியூசும் சுஃப்ரேனும் பொருதின சண்டையளை வரைஞ்ச டொமினிக் செரஸின்ர கதை அதிலயும் சோக்கு. ஆள் பிறந்தது பிரான்சில. இங்கிலாந்தில குடியேறி, 1768இல லண்டனில ராயல் அக்கடமி துவங்கேக்க அதைத் துவக்கின ஆக்களில ஒருத்தர். பிறகு மூண்டாம் ஜோர்ஜ் அரசனுக்கே கடல் ஓவியர். தன்ர ஊர்க்காரன் வாங்கின அடியை அடிச்சவனுக்கே வரைஞ்சு குடுத்துக் காசு பாத்திருக்கிறார். எங்கட குடாவை அந்த மனுசன் கண்ணால காணேல்லை.

இனி, காணாதவர் வரைஞ்சதைப் பாத்துக் காணாதவன் வரையப்போறான். சீனாவில ஷென்சென் நகரத்தில டாஃபென் எண்டொரு ஓவியக் கிராமம், உன்ர படம் அங்கதான் வரையிறாங்கள். 1989இல ஹொங்கொங் வியாபாரி ஒருத்தர் கொஞ்சப் பேரோட போய்த் துவக்கினது, இப்ப ஆயிரக்கணக்கான ஆக்களுக்குச் சோறு போடுது. பெரிய ஓடர் வந்தா ஒருத்தன் வானம், அடுத்தவன் அலை, மூண்டாமவன் பாய். கொத்துறொட்டிக் கடையில மா பிசையிறவன் வேற, கொத்துறவன் வேற இல்லையா, அப்பிடி. பழிக்கேல்லை மருமோன், அவங்கட கை சுத்தமான கை. அவங்களுக்குக் கச்சான் காத்துத்தான் தெரியாது.

அதுக்குத்தான் கூப்பிட்டனான். படம் வந்தா முதலில கொடியைப் பார். செப்டம்பரில கச்சான் கரையிலயிருந்து கடலுக்குத் தள்ளும். காத்தைப் பின்னுக்கு வாங்கி ஓடுற பாய்க்கப்பலில பாய் முன்னுக்குப் புடைச்சு நிக்கும், கொடியும் முன்னுக்குத்தான் பறக்கும். எஞ்சின் பூட்டின வள்ளத்தில மட்டும் பழகின கண், பாயை முன்னுக்கு ஊதிப்போட்டுக் கொடியைப் பின்னுக்கு விடும். அப்பிடி ஒரு படத்தைத் தொங்கப்போட்டா, டச் குடாவிலயிருந்து மீன் கொண்டுவாற பெடியன் கூடையை இறக்கி வைச்சுட்டுச் சிரிப்பான்.

பேந்து பிரெஞ்சுக் கொடி. நீலம் வெள்ளை சிவப்பு இருந்தா திருப்பி அனுப்பு. பிரெஞ்சுப் புரட்சிக்கு இன்னும் ஏழு வருசம் கிடக்கு, அப்ப அவன்ர கொடி வெறும் வெள்ளை. சுவாமி மலையில கோபுரம் நிண்டாலும் பிழை. பதினேழாம் நூற்றாண்டுத் துவக்கத்திலயே போர்த்துக்கேயன் கோணேசர் கோயிலை இடிச்சுக் கல்லைக் கோட்டைக்குக் கட்டிப்போட்டான். ஆனா கோபுரம் இருந்தா கொம்மா விழுந்து கும்பிடுவா. அதால அதை மட்டும் விட்டுவிடு.

கையால வரைஞ்சதோ எண்டு பாக்க, டோர்ச்சைப் பக்கவாட்டில பிடி. சிலபேர் துணியில அச்சடிச்சு, மேல நிறமில்லாத பசையால தூரிகைத் தடம் போட்டு விக்கிறாங்கள். தடம் ஒரு பக்கம் போகும், நிறம் வேற பக்கம் போகும். கடலைப் பாத்த சுவரில மாட்டாத. உப்புக் காத்தும் மாரி ஈரமும் பட்டா ஹியூஸின்ர கப்பலுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். அவன் கப்பலுக்குச் சுஃப்ரேனாலயே அவ்வளவு செய்ய முடியேல்லை.

உனக்குக் கப்பல்தான் வேணும் எண்டா எங்கட அன்னபூரணி என்ன குறை? வல்வெட்டித்துறையில வேப்ப மரத்தில கட்டினது. 1938இல வல்வெட்டித்துறைப் பெடியள் பாய் இழுத்து அமெரிக்காவில குளொஸ்டர் துறைமுகம் மட்டும் கொண்டுபோய் விட்டவங்கள். வாங்கின வெள்ளைக்காரன் அதுக்குத் தன்ர மனுசியின்ர பேரை வைச்சான். அதின்ர போட்டோ இருக்கு. அனுப்பினா டாஃபென்காரன் அதையும் வரைஞ்சு தருவான். ஓ, அதில வெடி இல்லை, புகை இல்லை, தொப்பி போட்ட தளபதியும் இல்லை. உன்ர விருந்தாளியளுக்குப் பிடியாது எண்டு நீ சொல்லுவாய்.

சரி, உன்ர காசு. படம் சுருட்டிக் குழாயில வரும். வந்த உடன விரிச்சுப்போடு, இல்லாட்டிச் சாயம் வெடிச்சுப்போம். அந்தக் குழாயை மட்டும் எறிஞ்சுபோடாத. என்ர தூண்டில் தடி ரெண்டும் தாழ்வாரத்தில நனையுது.