மாப்பிள்ளைக்கு வந்த வீடு

கல்முனைப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை பிறந்தால் வாப்பா முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்; அடுத்ததாக வளவின் மூலையைப் பார்ப்பார். அந்த மூலையில்தான் அவளுக்கு வீடு எழும்ப வேண்டும். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எழுதாத சட்டம் இது. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். என் வாப்பா சவூதிக்குப் போனதும், காக்கா தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுச் சீமெந்து பக்கட் எண்ணிக்கொண்டு நின்றதும் இதற்காகத்தான். வீடு முடிந்ததும் உம்மாவும் வாப்பாவும் பின்பக்கக் குசினிக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை முன்வாசலால் வந்தார்.

இவருக்கு ஊர் மருதமுனை. தொழில் விமானப்படையில் எஞ்சின் திருத்துவது. லீவில் வருவார், கோழிக்கறியோடு சாப்பிடுவார், போவார். மாப்பிள்ளை மரியாதை குறையவில்லை; கோழிகள்தான் குறைந்தன.

2012இல் இவருக்குத் திருகோணமலைச் சீனக்குடா முகாமுக்கு இடமாற்றம் வந்தது. கூடவே குவாட்டர்ஸ். குடும்பத்தோடு வந்து இருக்கலாமாம். உம்மா கேட்ட முதல் கேள்வி, "ஊடு ஆருட பேரில மகன்?"

"எண்ட பேரில, மாமி."

தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னார். உம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு தீர்ப்பை அறிவித்தார்: "அப்ப அரசாங்கம் ஒங்களுக்குச் சீதனம் தந்திரிக்கி. ஆம்பிளைக்குச் சீதன ஊடு! கியாமத்து நாள் கிட்டத்தான் போல."

பத்திரத்தில் என் பெயரிருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, இவர் பெயருக்குக் கீழே என் பெயர் சின்னதாக இருந்த வீட்டுக்குக் குடிபோனோம். "புள்ள தனிய என்ன செய்யும்?" என்று உம்மாவும் கூடவே லொறியில் ஏறினார். அம்மி, பன் பாய், அரிசி மூட்டை, கருவாட்டு மூட்டை, சட்டியில் நட்ட ரம்பை, கால்கட்டிய கோழிகள் எல்லாம் ஏறின. முகாமில் கடை இருக்கிறது என்று இவர் சொல்லிப் பார்த்தார். உம்மாவின் அகராதியில் கடை என்பது, வீட்டில் சாமான் முடிந்தவர்கள் போகிற இடம்.

மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் போகிறவர்கள் முன்பெல்லாம் ஆற்றுக்கு ஆறு இறங்கிப் பாதைக்காகக் காத்து நிற்பார்கள். வாகனத்தையும் ஆளையும் ஒன்றாக ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். நாங்கள் போனபோது பாலங்கள் வந்துவிட்டன. 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். அப்போது இலங்கையிலேயே நீளமான பாலம் அதுதான். உம்மா ஒரு கரையில் ஸலவாத்தைத் தொடங்கி மறு கரையில் முடித்தார். "இவ்வளவு பெரிய ஆத்த இப்பிடிக் கெதியாத் தாண்டினா ஆறு என்னத்துக்கு?" என்று குறையும் பட்டுக்கொண்டார். பாலம் தாண்டினால் சீனக்குடா.

வாசலில் காவலுக்கு நின்ற பொடியன் எல்லாவற்றையும் இறக்கிக் காட்டச் சொன்னான். அம்மிக்கல்லைத் தட்டினான், புரட்டினான், மறுபடியும் தட்டினான். "மிளகாய் அரைக்கிற கல்லு மனே" என்று உம்மா தமிழில் சொல்லி, காற்றில் அரைத்தும் காட்டினார். அவன் புரிந்ததாகத் தலையாட்டிவிட்டு அடுத்த மூட்டையின் வாயை அவிழ்த்துக் குனிந்தான். அது கருவாடு. "மே கரவல, புத்தே" என்று உம்மா தன் சிங்களம் முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்தார். பொடியன் கண்ணில் நீர் முட்ட மூட்டையைக் கட்டிக் கொடுத்து, லொறியைப் போகச் சொல்லிக் கைகாட்டினான். கருவாட்டு மூட்டையை அடிவரை சோதித்த காவலாளி இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. கோழிகளைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லாததால் அவையும் உள்ளே போயின.

குவாட்டர்ஸில் கட்டில், கதிரை, மேசை, அலுமாரி எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்ரால் இலக்கம் அடித்திருந்தது. இவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். உம்மா பின்னாலேயே நடந்து, "நம்மளுக்கும் நம்பர் அடிப்பாங்களா மகன்?" என்று கேட்டார். அடுத்த கேள்வி, கடல் எங்கே என்பது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையில் வீடு பார்க்கிறவர்கள் முதலில் அறையை அளப்பதில்லை. வாசலுக்கும் கடலுக்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் அளப்பார்கள். அலை எந்த ஒழுங்கையில் வந்து நின்றது என்பது ஊரில் எல்லோருக்கும் பாடம். திருகோணமலைத் துறைமுகத்தின் உட்பக்கம் ஆடாமல் அசையாமல் கிடந்தது. உம்மா நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "இது கடலில்ல, குளம். உப்புப் போட்டு வெச்சிரிக்காங்க" என்று சொன்ன பிறகுதான் சாமான் உள்ளே வந்தது.

மாமிக்கு ஊரைக் காட்டுகிறேன் என்று இவர் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டது, ஒரு விமானம் ஒரு தாங்கியின் மேலேயே விழுந்து எரிந்தது, அதன் கரிந்த எச்சம் இன்னும் கிடப்பது, எஞ்சிய 99 தாங்கிகள் நிற்பது என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார். உம்மா என்னிடம் திரும்பி, "அடுப்பப் பாத்துப் பத்தவை புள்ள" என்றார். முக்கால்வாசிக்கு மேல் வெறுந் தாங்கிகள் மாமி, பயப்படத் தேவையில்லை என்றார் இவர். "வெறும் பானதான் மகன் ஊட்டுக்கு ஆகாது."

அடுத்தது விமானம். சீனக்குடா, விமானம் ஓட்டப் பழக்குகிற இடம். பழகுகிற பொடியன்கள் வீட்டுக்கு மேலால் சுற்றிச் சுற்றி வருவார்கள். சத்தம் கேட்டதும் உம்மா முக்காட்டை இழுத்து விடுவார். "அவன் மேல இருந்து பாக்கான்." பறப்பு முடியும்வரை துணி காயப்போடவும் மாட்டார். பழகப் பழக அந்தச் சத்தத்தில் உம்மாவுக்கு ஞானம் பிறந்தது. முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "இவன் நேத்தைய பொடியன். இன்னும் பழகல்ல" என்பார். இவர் வேலை முடிந்து வந்து அதை உறுதிப்படுத்துவார்.

ஒரு நாள் மாலை, பக்கத்து வீட்டுக்கு மீன் குழம்பு கொண்டுபோன உம்மா பாதி வழியில் நின்றுவிட்டார். பியூகிள் ஊதியது. சைக்கிளில் வந்தவர் இறங்கி விறைத்து நின்றார். பந்தடித்த பிள்ளைகளும் நின்றார்கள். ஏதோ ஜனாஸா போகிறது என்று நினைத்து உம்மாவும் குழம்புச் சட்டியோடு தலை குனிந்து நின்றிருக்கிறார். கொடி இறக்கினார்கள் என்று பிறகு விளக்கினேன். எங்களுக்குக் கொடி என்றால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடிதான். நாகூர் ஆண்டகை பேரில் கொடியேறினால் பன்னிரண்டு நாள் ஊரே திரளும். முடிவில் நார்சாச் சோறு. உம்மா யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஒவ்வொரு நாளும் ஏத்தி எறக்குறாங்க, ஒரு நாளாவது நார்சா குடுத்தாங்களா?"

அரசாங்கம் கொடுக்காததை உம்மா கொடுக்கத் தொடங்கினார். கிண்ணியாவிலிருந்து மீன்காரர் முகாம் வாசலுக்கு வருவார். குவாட்டர்ஸ் பெண்கள் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டிருந்த காலம் உம்மா செவுளைத் தூக்கிப் பார்த்த அன்றோடு முடிந்தது. "இது நேத்தைய மீன் தம்பி. நான் கல்முனை." அதற்குப் பிறகு குருநாகல்காரியும் காலிக்காரியும் காசை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். மீன் பங்கு பிரிப்பது எங்கள் முற்றத்தில். தீராத வழக்குப் பேசுவதும் அங்கேதான். வாசலில் இவர் பதவியும் பெயரும் எழுதிய பலகை தொங்கியது. ஆனால் வழி கேட்டு வருகிறவர்களுக்கு எல்லோரும் சொன்னது "கல்முனே அம்மாகே கெதர", கல்முனை அம்மாவின் வீடு. சீதனமாக வந்த வீட்டைப் பறிகொடுத்த மாப்பிள்ளை பலகையை மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் துடைத்து வந்தார்.

அடுத்த இடமாற்றக் கடிதம் வந்ததும் ஓர் அதிகாரி அதே தாளோடு வந்தார். கட்டில், கதிரை, மேசை, அலுமாரி, இலக்கம் எல்லாம் சரி. முற்றத்தில் நின்ற முருங்கை மரம் மட்டும் தாளில் இல்லை. அதை என்ன செய்வது என்று அவர் பேனையைக் கடித்தபடி நின்றார். இவர் மொழிபெயர்த்துச் சொல்ல, உம்மா தீர்த்து வைத்தார்: "அத அடுத்து வாற புள்ளைட பேரில எழுதச் சொல்லுங்க மகன். அவள்ட புருசன்ட பேரில வேணாம்."