பூதக்கண்ணாடி விளக்கின் கைதாழ்வும் புளியின் பங்கும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களை முன்வைத்து

செல்போன் போர்டில் எள்ளளவு உறுப்பைப் பற்றவைக்க மூன்று கைகள் வேண்டும். மனிதனுக்கு இரண்டே. விளக்கும் லென்சும் தாங்கும் அந்த மூன்றாவது கையே இவ்வாய்வின் பொருள்.

பெயராய்வு: பூதக்கண்ணாடியா, உருப்பெருக்கியா என்று அறிஞர் பெருமக்கள் முடிவு சொல்வதற்குள் நமக்குக் கண்புரை வந்துவிடும். தொல்காப்பியத்தில் சான்றில்லை, இல்லாததே சான்று என்று ஒருவர் முனைவர் பட்டம் வாங்கும்வரை பொறுப்போம்.

லென்சு: 5 டயாப்டர். குவியத் தூரம் 20 செ.மீ.; அதற்குள்தான் கையும் சால்டரிங் அயர்னும் புக வேண்டும். ஆசைப்பட்டு 10 டயாப்டர் வாங்கினால் இடம் 10 செ.மீ. ஆகும், மூக்கு சுடும்.

ஒளி: வெள்ளை எல்இடி பட்டி, 12 வோல்ட் அடாப்டர். அவ்வளவுதான்.

கை: இதில் இரு மரபுகள். விழுப்புரம் ஜங்ஷன் என்பதால் அம்மரபில் மூட்டுகள் அதிகம். ஒன்றை இறுக்கினால் இன்னொன்று தளரும். 1932-இல் இங்கிலாந்தில் கார் சஸ்பென்ஷன் பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன் ஸ்பிரிங் வைத்து இச்சிக்கலைத் தீர்த்துவிட்டார். தீர்ந்த சிக்கலில் ஆய்வு செய்ய இயலாதாகையால் அவரை ஒதுக்குகிறோம்.

திண்டிவனத்து மரபு ஆழமானது. திந்திரிணி என்றால் புளி, ஊர்ப்பெயரே புளியங்காடு. ஆகவே எதிரெடை புளியாக இருப்பது வரலாற்றுக் கட்டாயம். அச்சிலிருந்து 40 செ.மீ. தள்ளி கால் கிலோ லென்சும் விளக்கும். மறுபக்கம் 20 செ.மீ.இல் அரைக் கிலோ புளிப் பொட்டலம். தராசுமுள் போல, வைத்த இடத்தில் நின்றது.

மூன்றாம் நாள் தலை தொங்கியது. காற்றழுத்தம், பூமியின் சுழற்சி, வடகிழக்குப் பருவக்காற்று ஆகியவற்றை வரிசையாக ஐயுற்றோம். பின்னரே தெரிந்தது: ரசம் வைத்த நாட்களில் மட்டும் லென்சு தாழ்கிறது, தயிர்சாத நாட்களில் தாழ்வில்லை (அம்மா, சமையலறை உரை, காலை 7 மணி). ஒரு ரசத்துக்கு எலுமிச்சையளவு புளி (மேலது, பகுதி 2, கரண்டியுடன்). பொட்டலத்தைத் திருப்பித் தருமாறு வந்த கோரிக்கை தனி ஆய்வுக்குரியது (அம்மா, 'எந்தப் புத்திசாலி புளியை விளக்குல கட்டினது?', திருத்திய விரிவான பதிப்பு, பக்கத்து வீட்டு அத்தையின் அணிந்துரையுடன், மறு ஒலிபரப்பு இரவு 8 மணி).

கல்லைக் கட்டலாமே என்றான் எதிர்வீட்டுப் பையன். முறையியல் பயிலாதவன்.

இதை எழுதும்போது எதிரெடை 380 கிராம். ராத்திரிக்கு வத்தக்குழம்பு.