பழைய ஏசியின் பின்புறம்: வேலூர்–ஆம்பூர் வட்டார ஆய்வு

வேலூருக்கு ஒரு பழைய பட்டியல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டதால் பட்டியலில் இரண்டாம் இடம் காலி. அந்த இடத்துக்கு ‘கேஸ் இல்லாத ஏசி’யை இவ்வாய்வு முறைப்படி முன்மொழிகிறது. கத்திரி வெயில் மே 4இல் பிறக்குமுன்பே வேலூரிலும் ஆம்பூரிலும் பழைய ஏசிகள் கைமாறத் தொடங்கிவிடும். வாங்குபவர் கேட்பது மூன்று: எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம், கடைசியா எவ்வளவு. விற்பவர் பதில் ஒன்றுதான்: “ரொம்ப ஓடலைங்க.” ஓடியதோ ஓடவில்லையோ, அது எந்தக் காற்றில் மாட்டியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இக்கேள்வி மற்ற ஊர்க்காரருக்குத் தோன்றாமல் போனால் மன்னிக்கலாம். தோல் பதனிடும் இந்த ஊர்க்காரருக்குத் தோன்றாதது வியப்பு. தோலைத் தரம் பிரிப்பவர் அதை இரண்டு பக்கமும் புரட்டுவார், உள்ளங்கையால் தடவுவார், உண்ணி கடித்த புள்ளியையும் உரிக்கும்போது கத்தி பட்ட கீறலையும் கண்டுபிடிப்பார். விலைப் பேச்சு அப்புறம்தான். அதே மனிதர் ஏசி வாங்கப் போனால் ரிமோட்டை அமுக்கி, கையை நீட்டி, “ஜில்லுனு வருதே” என்று பணத்தை எடுக்கிறார். இத்தனைக்கும் ஏசிக்கு வரும் நோய் அவர் தொழிலின் பக்கத்து வீட்டு நோய். தோல்ஷாப்பில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவில் அமிலம் கலந்தாலோ, அது தேங்கி அழுகினாலோ ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகின முட்டை வாடை. மூக்குக்கு அது பழகிவிடும், செம்புக்குப் பழகாது. ஏசிக்குள் இருக்கும் செம்புக் குழாய் மேல்தோல் கறுத்து, அரித்து, ஊசித்துளை விட்டு, கேஸைக் கசியவிடும். பாலாற்று வட்டார மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னபோது குடிநீரும் விளைநிலமும் பேசப்பட்டன; ஏசி காயில் சார்பாக யாரும் ஆஜரானதாகத் தெரியவில்லை.

ஆகவே தோலைப் புரட்டுவதுபோல் ஏசியையும் புரட்ட வேண்டும். முன்மூடியைத் தூக்கி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால், அலுமினியத் தகடுகள் முடியும் இடத்தில் கொண்டை ஊசிபோல் வளைந்த செம்புக் குழாய்கள் வரிசையாகத் தெரியும். பழுப்பேறிய செம்பு நிறம் என்றால் வயது. கரிபிடித்த சட்டி மாதிரி கறுப்பு என்றால் வியாதி. வளைவின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம்: கேஸ் கசியும்போது கம்ப்ரசர் எண்ணெயும் கூடவே வெளியேறும். இதையெல்லாம் ஏசி சுவரில் ஓடும்போதே பார்க்க வேண்டும். கழற்றித் திண்ணையில் வைத்த ஏசி, பேசாத சாட்சி.

பிறர் மதத்தை எடுத்துக்கொண்டு களைவது நன்னூல் ஒப்பிய வழி என்பதால் சில மறுப்புகளையும் கேட்போம். கேஸ் குறைந்தால் நிரப்பிக்கொள்ளலாமே என்பார்கள். ஏசி கேஸ், எரிந்து தீரும் சமையல் கேஸ் அல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வருஷா வருஷம் நிரப்புவது ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பது. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்பது அடுத்தது. ஒன்றரை டன் பழைய ஏசி மணிக்கு ஒன்றரை யூனிட் இழுப்பதாக வைத்தால், இரவில் 6 மணி நேரத்துக்கு 9 யூனிட், இரண்டு மாதத்துக்கு 540. இரண்டு மாத மின்கணக்கில் மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த சலுகையும் போய்விடும். மிக்சி, ஃபேன், ஃபிரிட்ஜை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஸ்டிக்கரில் மின்சிக்கன அளவான ஐ.எஸ்.இ.இ.ஆர். 3.1 என்று போட்ட ஏசி 540 யூனிட்டில் தரும் குளிர்ச்சியை, 5 என்று போட்டது சுமார் 335 யூனிட்டில் தரும். ஸ்டிக்கரில் ஐந்து நட்சத்திரம் இருக்கிறதே என்றால், 2022 ஜூலையில் அளவுகோலையே ஒரு படி உயர்த்தினார்கள். முந்தைய ஐந்து அன்றே நான்கானது. அக்னி நட்சத்திரம் மட்டும் எந்தத் திருத்தத்துக்கும் உட்படவில்லை.

இருப்பதிலேயே கனமான மறுப்பு வேறு: காயில் முழுக்க அலுமினியமாக இருந்தால்? சல்ஃபைடு அலுமினியத்தைச் செம்பு அளவுக்குத் தொடாது. அந்த வகையில் நம் கொள்கை தளர்கிறது, ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் அது ஓட்டையானால் பற்றவைப்பது கடினம். பல மெக்கானிக்குகள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படியானால் பழைய ஏசியே கூடாதா? கூடும், வீடு தோல்ஷாப் கழிவுக் கால்வாயிலிருந்து எட்ட இருந்தால், அல்லது ஏலகிரியிலிருந்து இறங்கி வந்ததாக இருந்தால். 1,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் ஏசி மாட்டியவர் “ரொம்ப ஓடலைங்க” என்றால் நம்பலாம். மற்ற வீடுகளில் காற்றை அளக்க நம்மிடம் கருவி ஏது என்பது கடைசி ஐயம். வெள்ளியையும் அதே சல்ஃபைடுதான் கறுக்க வைக்கிறது. விற்பவர் வீட்டில் ஓடியாடும் குழந்தையின் கொலுசைப் பார்க்கலாம். கொலுசு இல்லாவிட்டால் ஷோகேஸில் வெள்ளி டம்ளர் இருக்கும். அது பளிச்சென்று இருந்தால், போன வாரம் பாலீஷ் போட்டார்களா என்று மட்டும் பேச்சோடு பேச்சாக வீட்டம்மாவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐயாவிடம் அல்ல, அவர்தான் ஏசி விற்கிறார்.